வளர்ச்சி ஏறுகிறது, வளையல் அடகுக்குப் போகிறது!

நாட்டுக் கணக்கில் குறை இல்லை. வீட்டுக் கணக்கில் நிறைவு இல்லை

மும்பை கோட்டைப் பகுதியில், ஒன்றுக்கொன்று சில நிமிட நடைத் தூரத்தில், இரண்டு உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்று ரிசர்வ் வங்கியின் தலைமை அலுவலகம். மற்றொன்று தலால் தெருவின் பங்கு மார்க்கெட். இந்தியப் பொருளாதாரத்துக்கு நாடி பிடித்துப் பார்க்கும் இடங்கள் இவை. 2024 செப்டம்பரில் பங்கு மார்க்கெட்டின் சென்செக்ஸ் புள்ளி முதன்முறையாக 85 ஆயிரத்தைத் தாண்டியது. 2024-25-ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி 6.5 சதவிகிதம் வளர்ந்ததாக 2025 மே மாதம் மத்திய அரசின் புள்ளியியல் துறை மதிப்பிட்டது. உலகின் பெரிய நாடுகளில் இந்த வேகத்தில் வளர்ந்த நாடு வேறு இல்லை. நாடி நன்றாகவே இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே கோட்டையில் லோக்கல் வண்டி ஏறினால் அரை மணி நேரத்தில் சயான் வந்துவிடும். அங்கிருந்து தாராவி 90 அடி ரோடு பக்கம் நடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தென்படும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் நகைக்கடன் கடைகளின் பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் சிறிய பர்ஸ். அதற்குள் கைக்குட்டையில் முடிந்த ஒரு வளையலோ, ஒரு ஜோடிக் கம்மலோ இருக்கும். வீட்டில் மாமியார் கேட்டால், “பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன், அத்தை” என்று சொல்லிச் சமாளித்துக் கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் பீஸ் கேட்டால் அப்படிச் சமாளிக்க முடியாது.

இந்த இரண்டு காட்சிகளில் எது உண்மை? இரண்டும் உண்மை. வளர்ச்சிக் கணக்கு பொய் இல்லை. குடும்பங்களின் கவலையும் கற்பனை இல்லை. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே ஊரில், ஒரே சமயத்தில் எப்படி இருக்க முடியும் என்பதே கேள்வி.

ரிசர்வ் வங்கியே கேட்டது

குடும்பங்களின் மனநிலையை ரிசர்வ் வங்கி அறியாமல் இல்லை. மும்பை, சென்னை, பெங்களூர், டில்லி உள்ளிட்ட 19 பெரிய நகரங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அது சில ஆயிரம் குடும்பங்களிடம் கேள்வி கேட்கிறது. நாட்டின் பொருளாதார நிலை, வேலை வாய்ப்பு, விலைவாசி, சொந்த வருமானம், செலவு ஆகிய ஐந்தும் ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட இப்போது மேலா, மோசமா? இன்னும் ஓராண்டில் எப்படி இருக்கும்? பதில்களைக் கூட்டிக் கழித்து ஒரு குறியீட்டு எண்ணாக வெளியிடுகிறார்கள். 100-க்கு மேல் இருந்தால் திருப்தி அதிகம். கீழே இருந்தால் அதிருப்தி அதிகம்.

இப்போதைய நிலையைக் காட்டும் எண் 2019 மத்தியில் 100-க்குக் கீழே இறங்கியது. கொரோனாவின் இரண்டாவது அலை வீசிய 2021 மே மாதத்தில் 48.5 என்ற அடிமட்டத்துக்கு விழுந்தது. பிறகு படிப்படியாக ஏறினாலும், 2025 மே மாதத்தில்கூட 95-ஐ ஒட்டித்தான் நின்றது. வளர்ச்சி வேகமாக இருந்த ஆண்டுகளிலும் நகரத்து மக்கள், “போன வருஷத்துக்கு இந்த வருஷம் பரவாயில்லை” என்று சொல்ல முன்வரவில்லை.

ஆனால் அதே மக்களிடம் அடுத்த ஆண்டைப் பற்றிக் கேட்டபோது வந்த எண் 120-க்கும் மேல்! அதாவது, “இப்போது கஷ்டம்தான். ஆனால் அடுத்த வருஷம் சரியாகிவிடும்” என்பதே பதில். பெரும்பாலும் இதே பதில்தான்.

நம்பிக்கை நல்லதுதான். ஆனால் இந்த ஆண்டின் பற்றாக்குறைக்கும் அடுத்த ஆண்டின் நம்பிக்கைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள்? அந்த விடையில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது.

விலை உயர்வு குறைந்தால் விலை குறையுமா?

2024 அக்டோபரில் சில்லறை விலை உயர்வு 6.21 சதவிகிதமாக இருந்தது. காய்கறி விலை மட்டும் முந்தைய ஆண்டைவிட 42 சதவிகிதம் ஏறியிருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2025 அக்டோபரில், மொத்த விலை உயர்வு 0.25 சதவிகிதத்துக்கு இறங்கியது. அபூர்வமான இறக்கம்தான் இது. எனினும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பையோடு போகும் இல்லத்தரசியிடம், “விலைவாசி அடங்கிவிட்டது” என்று சொன்னால் அவர் சிரிப்பார்.

அவர் சிரிப்பதில் நியாயம் உண்டு. விலை உயரும் வேகம் குறைவது வேறு. விலையே குறைவது வேறு. மாடிப்படி ஏறுகிறவன் களைத்து நின்றுவிட்டால் அவன் கீழே இறங்கிவிட்டான் என்று பொருள் அல்லவே.

அரசின் கணக்கையே எடுத்துக் கொள்வோம். சராசரிச் சில்லறை விலை உயர்வு 2020-21-ல் 6.2, 2021-22-ல் 5.5, 2022-23-ல் 6.7, 2023-24-ல் 5.4, 2024-25-ல் 4.6 சதவிகிதம். தனித் தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தும் எண்ணாகத் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், 2019-20-ல் மாதம் 10,000 ரூபாயில் ஓடிய குடும்பத்துக்கு 2024-25-ல் சுமார் 13,200 ரூபாய் தேவைப்பட்டது. ஐந்து ஆண்டில் வருமானமும் அதே அளவு கூடியிருந்தால் பாதகம் இல்லை. கூடியதா?

மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை இதற்குப் பதில் வைத்திருக்கிறது. விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மாதச் சம்பள வேலையில் உள்ள ஆண்களின் சராசரி வருமானம் 2017-18-ல் 12,665 ரூபாயாக இருந்தது, 2023-24-ல் 11,858 ரூபாயாகக் குறைந்துவிட்டது. சொந்தத் தொழில் செய்யும் ஆண்களின் வருமானமும் சரிந்தது. சம்பளக் கவரில் எண் பெரிதாகியிருக்கிறது. அது வாங்கும் பொருள் சிறிதாகிவிட்டது.

அதே அறிக்கை இன்னொரு கணக்கும் சொல்கிறது. 2023-24-ல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவிகிதம் ஏறியது. வேலை வாய்ப்பு ஏறியது 1.5 சதவிகிதமே. பங்கு மார்க்கெட் ஏன் துள்ளியது, சம்பளக்காரர் ஏன் துள்ளவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவை இல்லை.

கரையும் கையிருப்பு

இந்தியக் குடும்பங்கள் சேமிப்புக்குப் பேர் போனவை. தபால் ஆபீஸ், எல்.ஐ.சி., வங்கி டெபாசிட், சீட்டு என்று எப்படியோ ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நம்மவர்களின் வழக்கம். மும்பையில் நாம் சீட்டு என்பதை மராத்தியர்கள் ‘பிஷி’ என்பார்கள். பெயர் வேறானாலும் பழக்கம் ஒன்றே.

அந்தப் பழக்கத்துக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு கணக்கு வெளியிட்டது. குடும்பங்களின் பணச் சேமிப்பிலிருந்து அவர்கள் வாங்கிய கடனைக் கழித்தால் மிஞ்சுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் எத்தனை சதவிகிதம் என்பது அந்தக் கணக்கு. 2020-21-ல் 11.5. 2021-22-ல் 7.2. 2022-23-ல் 5.1. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் இவ்வளவு தாழ்ந்தது இல்லை. அதே 2022-23-ல் குடும்பங்கள் புதிதாக வாங்கிய கடன், உற்பத்தியில் 5.8 சதவிகிதத்தைத் தொட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இதைவிட அதிகமாக இருந்தது 2006-07-ல் மட்டுமே.

மத்திய நிதி அமைச்சகம் இதற்கு விளக்கம் அளித்தது. மக்கள் சேமிப்பை இழக்கவில்லை. வீடு, வாகனம் போன்ற சொத்துக்களாக மாற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கொரோனா ஆண்டில் கடை கண்ணி மூடிக் கிடந்ததால் செலவு குறைந்து சேமிப்பு கூடியிருந்தது என்பதும் உண்மை. மாதாமாதம் பரஸ்பர நிதியில் போடும் தொகை நாடு முழுவதும் சேர்ந்து 2024 அக்டோபரில் 25 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியதும் உண்மை.

ஆனால் சீக்கிரம் பணக்காரராக வேண்டும் என்று புறப்பட்டவர்களின் கதை வேறு. பங்கு மார்க்கெட்டின் முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நஷ்டமே கண்டார்கள் என்று ‘செபி’ ஆய்வு கூறியது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதுவும் யாரோ ஒருவர் வீட்டுச் சேமிப்புத்தானே!

தவணையில் ஓடும் வண்டி

குடும்பங்களின் மொத்தக் கடன் 2024 டிசம்பர் இறுதியில் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 42 சதவிகிதமாக இருந்தது. வேறு பல வளரும் நாடுகளோடு ஒப்பிட்டால் இது அதிகம் இல்லை என்று ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் கடன் எவ்வளவு என்பதைப் போலவே, எதற்காக என்பதும் முக்கியம். வீடு கட்ட வாங்கிய கடனுக்கு எதிரே ஒரு வீடு நிற்கும். கல்விக் கடனுக்கு எதிரே ஒரு படிப்பு நிற்கும். செல்போனுக்கும், கல்யாண விருந்துக்கும், மளிகை பாக்கிக்கும் வாங்கிய கடனுக்கு எதிரே நிற்பது அடுத்த மாதச் சம்பளம் ஒன்றுதான். குடும்பக் கடனில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன். அதில் பெரும்பகுதி நுகர்வுக்காக வாங்கியது என்பதை ரிசர்வ் வங்கியின் அறிக்கையே சுட்டிக்காட்டியது.

ஈடு எதுவும் இல்லாமல் செல்போன் வழியே சில நிமிடத்தில் கிடைக்கும் கடன்கள் பெருகியதைக் கண்டு, 2023 நவம்பர் 16-ந் தேதி ரிசர்வ் வங்கி ஒரு கடிவாளம் போட்டது. இத்தகைய கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்கி வைக்க வேண்டிய சொந்த மூலதனத்தைக் கூட்டியது. கடன் கொடுப்பவர்களுக்குச் செலவு ஏறியது. அவர்கள் கையை இறுக்கினார்கள். 2024 அக்டோபரில் அளவுக்கு மீறிய வட்டி வாங்கியதாக நான்கு நிதி நிறுவனங்கள் புதுக் கடன் கொடுக்கவே தடை போட்டது.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறு கடன்களிலும் 2024-ல் விரிசல் தெரிந்தது. ஒரே பெண் மூன்று நான்கு நிறுவனங்களிடம் வாங்கி, ஒன்றின் பணத்தை எடுத்து மற்றொன்றுக்குக் கட்டினார். வாரத் தவணை தவறியபோது வசூல்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மிரட்டலும் அவமானமும் தாங்காமல் உயிரை மாய்த்துக் கொண்டவர்களின் செய்திகள் வந்த பிறகு, கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் வசூல் கொடுமையைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டு வந்தது. தமிழ்நாடும் அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது.

கடைசிக் கதவு

ஈடு இல்லாத கடனின் கதவு ஒருக்களித்தபோது திறந்தே இருந்த கதவு ஒன்று உண்டு. அது நகைக்கடன். 2023-ல் போட்ட கடிவாளத்தில் நகைக்கடன் சேரவில்லை. அதே சமயம் தங்கத்தின் விலையும் எகிறியது. 2025 ஏப்ரலில் 10 கிராம் சுத்தத் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. விளைவு? நகையின் பேரில் வங்கிகள் கொடுத்திருந்த கடன் 2024 மார்ச்சில் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச்சில் இரண்டு லட்சம் கோடிக்கு மேல். ஒரே ஆண்டில் இரு மடங்கு! வேறு தலைப்பில் எழுதி வந்த சில கடன்களை இந்தத் தலைப்புக்கு மாற்றியதும் இதற்கு ஓரளவு காரணம். அதைக் கழித்துப் பார்த்தாலும் இது சாதாரண ஏற்றம் அல்ல.

தமிழ்க் குடும்பத்தில் நகை வெறும் அலங்காரம் அல்ல. ஊரை விட்டு வந்து, கூப்பிட்ட குரலுக்கு உறவு இல்லாத இடத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அதுவே இன்ஷூரன்ஸ், அதுவே வங்கி, அதுவே பிறந்த வீடு. ஆஸ்பத்திரிச் செலவுக்கோ, ஊரில் ஒரு சாவுக்கோ, நள்ளிரவில்கூட நம்பி நிற்கக்கூடிய பொருள் அது. அந்தப் பொருள் மாதச் செலவுக்குப் போகத் தொடங்கினால் குடும்பத்தின் கடைசி அரணில் கை வைத்தாயிற்று என்று அர்த்தம்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணவனுக்குத் தனியார் கம்பெனியில் 28 ஆயிரம் சம்பளம். மனைவிக்குத் தையலில் 4 ஆயிரம். இரண்டு பிள்ளைகள். வாடகை 9 ஆயிரம். மளிகை, பால், காய்கறி, கேஸ் 11 ஆயிரம். பள்ளிக்கூடம், டியூஷன் 4 ஆயிரம். ரயில் பாஸ், பஸ், போன் 2 ஆயிரம். ஊரில் அப்பா அம்மாவுக்கு 3 ஆயிரம். பிரிட்ஜுக்கும் செல்போனுக்கும் தவணை 2,500. மொத்தம் 31,500. மாதக் கடைசியில் மிஞ்சுவது 500 ரூபாய். நாட்டுக் கணக்கில் இந்தக் குடும்பம் நல்ல வாடிக்கையாளர். பிரிட்ஜ் வாங்கியது, செல்போன் வாங்கியது. வளர்ச்சிக்குத் தன் பங்கைச் செலுத்தியாயிற்று.

ஜூன் மாதம் வருகிறது. பீஸ், சீருடை, புத்தகம், மழைக்கால மருந்துச் செலவு எல்லாம் சேர்ந்து 40 ஆயிரம். அப்போது 60 ஆயிரம் பெறும் ஒரு வளையல் அடகுக்குப் போகிறது. நூற்றுக்கு 12 வட்டி என்றால் ஓராண்டில் 44,800 கட்டித் திருப்ப வேண்டும். ஓராண்டு கழிகிறது. கையில் பணம் இல்லை. ஆனால் தங்கம் ஏறி, அதே வளையல் இப்போது 80 ஆயிரம் பெறுகிறது. “புதுப்பித்துக் கொள்ளுங்கள் அக்கா, 55 ஆயிரம் தருகிறோம்” என்பார் கடைக்காரர். பழைய பாக்கி போகக் கையில் 10,200 வரும். வட்டியைக்கூட வளையலே கட்டிக் கொண்டது போல் ஒரு மயக்கம்!

தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும் வரையில் இந்த மயக்கம் தெளியாது. மூன்றாம் ஆண்டில் விலை 65 ஆயிரத்துக்கு இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். கட்ட வேண்டிய பாக்கி 61,600. இப்போது கடைக்காரர் புதுப்பிக்கச் சொல்ல மாட்டார். பணத்தைக் கட்டுங்கள், இல்லையேல் ஏலம் என்பார். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2013 ஏப்ரலில் உலக மார்க்கெட்டில் தங்கம் திடீரென்று சரிந்தபோது இந்தியாவில் நகைக்கடன் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் ஒருசேரத் திணறினார்கள்.

போட்ட பணம் பத்திரமா?

கடனே வேண்டாம் என்று சிக்கனமாக இருப்பவர்களுக்கும் கவலை இல்லாமல் இல்லை. மும்பைவாசிகள் 2019 செப்டம்பரை எளிதில் மறக்க மாட்டார்கள். பாண்டுப்பைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பஞ்சாப்-மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. சொந்தக் கணக்கிலிருந்து 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்பது முதல் உத்தரவு. வங்கி கொடுத்த கடனில் 70 சதவிகிதத்துக்கு மேல் ஒரே கட்டட நிறுவனக் குழுமத்துக்குப் போயிருந்ததும், அதை ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளில் மறைத்ததும் பிறகு தெரியவந்தது. உச்சவரம்பு படிப்படியாக உயர்ந்தது. 2022 ஜனவரியில் வேறொரு வங்கியோடு இணைப்பும் நடந்தது. ஆனால் பெரிய தொகை போட்டிருந்த முதியவர்கள் அதைத் திரும்பப் பெறப் பல ஆண்டுத் தவணைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2025 பிப்ரவரியில் மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியிலும் 122 கோடி ரூபாய் கையாடல் புகார் எழுந்து, பணம் எடுப்பதற்குத் தடை வந்தது. அந்த வங்கி அதே ஆண்டு ஆகஸ்டில் சாரஸ்வத் வங்கியோடு இணைந்தது.

இடையில் ஒரு நன்மை நடந்திருந்தது. 1993 முதல் ஒரு லட்ச ரூபாயாக இருந்த டெபாசிட் இன்ஷூரன்ஸ் 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்ந்தது. வங்கி முடங்கினால் 90 நாளுக்குள் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டமும் திருத்தப்பட்டது.

அரசு கொடுத்த ஊக்கம்

மக்கள் கையில் பணப்புழக்கம் குறைந்திருப்பதை அரசும் உணர்ந்தே இருந்தது. 2025-26 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்ச ரூபாய் வரை ஆண்டு வருமானத்துக்கு வரி இல்லை என்று அறிவித்தது. 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ரிசர்வ் வங்கி தன் வட்டி விகிதத்தை 6.5-லிருந்து 5.25 சதவிகிதமாகக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதமாக இறங்கியது. தனிநபர் ஆயுள், மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு வரியே இல்லை என்றானது.

இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மாதம் 32 ஆயிரத்தில் குடும்பம் நடத்துபவர் முன்பும் வருமான வரி கட்டியதில்லை. அந்தச் சலுகையில் அவருக்கு ஒரு பைசா இல்லை. சோப்பிலும் பிஸ்கட்டிலும் சில ரூபாய் மிச்சம் உண்டு. வட்டி குறைந்ததால் வீட்டுக் கடன்காரருக்கு லாபம். பி.எப். பணத்தை டெபாசிட்டில் போட்டு அந்த வட்டியில் வாழும் ஓய்வூதியம் இல்லாத முதியவருக்கு அதே உத்தரவு நஷ்டம். பொருளை மலிவாக்குவதும் கடனை மலிவாக்குவதும் மக்களை மேலும் வாங்கத் தூண்டும். கரைந்துபோன கையிருப்பை அவை மட்டும் திரும்பக் கொண்டு வந்துவிடா.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

அபாயத்தைக் கண்டு பயந்து பயன் இல்லை. உரிமைகளைத் தெரிந்து கொள்வது பயன் தரும்.

நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6-ந் தேதி புதிய விதிகளை வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-ந் தேதிக்குள் அவற்றை நடைமுறைக்குக் கொண்டு வர வேண்டும் என்பது கெடு. இரண்டரை லட்ச ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை கொடுக்கலாம். 5 லட்சம் வரை 80 சதவிகிதம். அதற்கு மேல் 75. வட்டியும் முதலும் கடைசியில் ஒன்றாகக் கட்டும் கடன் என்றால், சேரப்போகும் வட்டியையும் இந்த வரம்புக்குள் அடக்க வேண்டும். அத்தகைய கடனுக்குக் காலம் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது.

பணம் கட்டி முடித்ததும் அன்றைக்கே, அதிகம் போனால் 7 வேலை நாளில், நகை கைக்கு வர வேண்டும். கடன் கொடுத்தவர் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு. ஏலம் போட்டு மிஞ்சிய பணம் கடன்காரருக்குச் சேர வேண்டியது. கடன் விவரங்களை அந்தப் பிரதேச மொழியிலோ, கடன் வாங்குபவர் விரும்பும் மொழியிலோ சொல்ல வேண்டும் என்பதும் விதி. மராத்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத தாய்மார்கள் கையெழுத்துப் போடும் முன், “தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியது இல்லை. ஆனால் தெருமுனையில் கந்து வட்டிக்குக் கொடுப்பவரிடம் இந்த விதிகள் எதுவும் செல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டெபாசிட் விஷயத்தில், 5 லட்சம் என்ற வரம்பு அசலும் வட்டியும் சேர்ந்தது. ஒரே வங்கியின் வெவ்வேறு கிளைகளில் ஒருவர் பெயரில் இருக்கும் பணம் எல்லாம் ஒன்றாகவே கணக்கிடப்படும். ஆகவே, வட்டி அரை சதவிகிதம் கூட என்பதற்காக ஆயுள் சேமிப்பை எல்லாம் ஒரே இடத்தில் குவிப்பது புத்திசாலித்தனம் அல்ல. பதிவு செய்யாத சீட்டுக்கோ இந்தப் பாதுகாப்பு அறவே கிடையாது.

எண்ணாமல் விட்ட கணக்கு

ஒரு குடும்பம் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு செலவழித்தது என்பதை எல்லாம் நாட்டுக் கணக்கு எண்ணுகிறது. அந்தச் செலவு சம்பளத்திலிருந்து வந்ததா, சேமிப்பைக் கரைத்து வந்ததா, வளையலை வைத்து வந்ததா என்று அது பிரித்துச் சொல்வதில்லை. வாங்கிய பிரிட்ஜ் மூன்று வகையிலும் ஒரே பிரிட்ஜ்தான்.

அந்தப் பிரிவினையைச் செய்ய வேண்டியவர்கள் குடும்பத்தினர். வீட்டுச் சம்பளம் நாளைக்கு நின்றுவிட்டால், புதுக் கடன் வாங்காமல், நகையைத் தொடாமல், எத்தனை மாதம் தாங்க முடியும்? ஆறு மாதம் என்றால் நிம்மதி. மூன்று மாதம் என்றால் பரவாயில்லை. ஒரு மாதம்கூட இல்லை என்றால், நாட்டின் வளர்ச்சி 6 சதவிகிதமா 8 சதவிகிதமா என்பது அந்த வீட்டுக்கு இப்போதைக்கு முக்கியம் அல்ல. அடுத்த தவணைப் பொருளை ஓராண்டு தள்ளி வைத்து, அந்தத் தவணைப் பணத்தைக் கொண்டு அடகில் இருக்கும் முதல் நகையைத் திருப்புவதே முக்கியம். மாதம் 2,500 ரூபாய் என்றாலும் ஓராண்டில் 30 ஆயிரம் சேரும். ஒரு வளையல் வீட்டுக்குத் திரும்ப அது பெரும் பகுதி.